ஆடி மாதத்து எதிர்ப் பார்ட்டி

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கிய அன்றைக்கு நான் வேலை பார்க்கும் பள்ளியில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். அந்த லட்டுக்குப் பிற்காலத்தில் லட்சக்கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

மாவட்டம் ஆனதும் கலெக்டர் வந்தார். அவர் பின்னாலேயே ஆபீஸ்கள் வந்தன, கோர்ட்டு வந்தது, கோர்ட்டோடு வக்கீல்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அதுவரை சும்மா கிடந்த கொல்லைகளில் மனை பிரித்து, சுண்ணாம்பு அடித்த கல்லாக முளைத்தது. 'கலெக்டர் ஆபீசிலிருந்து பத்தே நிமிடம்' என்ற போர்டை தியாகதுருகம் போகிற வழியிலும் பார்த்தேன், உளுந்தூர்பேட்டைப் பக்கமும் பார்த்தேன். நான் தினம் வேலைக்குப் போகிற கல்வராயன் மலைப்பாதையில், வளைவு ஆரம்பிக்கிற இடத்தில்கூட ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஹெலிகாப்டரில் பத்து நிமிடம் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

நான் மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடிவதற்கு முன்பே வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில், கரும்பு வண்டிகளை நிறுத்தும் எடைமேடையில் வேலை. எதையும் எடை போடாமல் நம்ப மாட்டார். கத்தரிக்காய் வாங்கினால்கூடக் கையில் தூக்கிப் பார்த்து, "முக்கா கிலோதான் இருக்கும்" என்பார், அது சரியாகவும் இருக்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறினோம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு நாங்கள் இருவரும், மூட்டை கட்டியே பழகிப்போன சாமான்களும்தான்.

ஐந்தாவது வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். சித்திரையில் ஒருநாள் கீழே இறங்கி வந்தார்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. வக்கீலு ஒருத்தரு ஆபீசுக்கு கேக்கறாரு. வாடகை டபுளு தர்றேங்கறாரு. ஆவணி முடியறதுக்குள்ள பாத்துக்குங்க."

தப்பாக நினைத்துக்கொள்ளாமல் வேறு எப்படி நினைப்பது? அன்றைக்கே சாமி படத்தின் முன்னால் நின்று முடிவு செய்தேன். ஆறாவது வாடகை வீட்டுக்கு நான் பால் காய்ச்ச மாட்டேன். இனி காய்ச்சினால் சொந்த அடுப்பில்தான். வங்கி தரும் கடனும் எங்கள் சேமிப்பும் சேர்ந்தால் நாற்பது லட்சம் வரும். அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் என் கழுத்துச் சங்கிலி போக வேண்டும். அது மகளுக்கென்று வைத்திருப்பது. நாள் கணக்கும் அவ்வளவு இறுக்கம்தான். ஆவணியைத் தவறவிட்டால் புரட்டாசி, அதில் எங்கள் பக்கம் யாரும் புது வீட்டுக்குப் போவதில்லை.

மூன்று வீடு பார்த்தோம், மூன்றும் கைநழுவின.

முதல் வீடு தியாகதுருகம் சாலையில். எனக்கும் பிடித்தது, அவருக்கும் பிடித்தது. ஆனால் அன்றைக்கு அஷ்டமி. அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது என்றார் இவர். மறுநாள் நவமி. அன்றைக்கும் கூடாது. மூன்றாம் நாள் நல்ல நேரம் பார்த்துப் போனபோது அந்த வீட்டு வாசலில் வேறொரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் அஷ்டமியில் அட்வான்ஸ் கொடுத்தவர்கள். இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது வீட்டுக்கு அண்ணன் தம்பி நான்கு பேர். ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அவர் எப்போது வந்து கையெழுத்துப் போடுவார் என்று மற்ற மூன்று பேருக்கும் மூன்று தேதி.

மூன்றாவது ஏமப்பேர் பக்கம். அதைக் கெடுத்தது என் வாய்தான், ஒப்புக்கொள்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தேன், காற்று அள்ளிக்கொண்டு வந்தது. "ஐயோ, எவ்வளோ நல்லா இருக்கு!" என்று கத்திவிட்டேன். வீட்டை விற்கிறவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கூடத்துக்கு வருவதற்குள் விலையில் ஒரு லட்சம் ஏறிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சண்டை போடுவதில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"நீ வாய தொறந்தாலே வெல ஏறுது. உன்ன கூட்டிக்கினு வூடு பாக்க போறதும் ஒண்ணு, அவங்க கைல பணத்த குடுத்துட்டு வர்றதும் ஒண்ணு."

"நீங்க மட்டும்? அஷ்டமி நவமின்னு எட போட்டுக்கினே இருங்க. ஊரே வித்து முடிஞ்சிடும்."

"சரி. ஆடி பொறக்க போவுது. ஆடி முடியற வரைக்கும் இந்த வூட்டுல வூட்டு பேச்சே எடுக்கக்கூடாது."

"நானும் எடுக்கல. எனக்கு இன்னா வந்துது!"

எங்கள் ஊரில் ஆடி மாதம் யாரும் வீடு வாங்குவதில்லை, குடி போவதில்லை. புரோக்கர்கள் எல்லாம் டீக்கடையில் ஈ ஓட்டுவார்கள். அவர் பேச்சை நிறுத்தியதில் எனக்குக் கோபம்தான். ஆனால் இரண்டு நாள் கழித்து மலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மண்டையில் விளக்கு எரிந்தது. யாருமே வாங்காத மாதத்தில் நான் மட்டும் போனால் போட்டியே இருக்காதே! ஆடியில் பேசி முடித்துவிட்டு, பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். ஆடியில் அந்த ஒரு நாளுக்குத் தோஷமே கிடையாது. பிறகு ஆவணியில் பத்திரம். இவரிடம் சொன்னால் எடை போடத் தொடங்குவார். முடித்துவிட்டுச் சொல்வோம், வாயடைத்துப் போகட்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். மலை வளைவு ஒவ்வொன்றிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பஸ் ஸ்டாண்டு ஓரம் பூக்கடை வைத்திருக்கும் அக்காதான் என் புரோக்கர். வீடு வீடாகப் பூ கொடுப்பதால் எந்த வீட்டில் யார் விற்கப் போகிறார்கள் என்பது விற்கிறவர்களுக்கே தெரியும் முன்பு அவருக்குத் தெரியும்.

"டீச்சர், கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு பாய் வூடு இருக்கு. பாத்திரக்கட வச்சிருக்காரே, அவரு. அப்பா சொத்து, ரெண்டு தங்கச்சிக்கு பங்கு பிரிக்கணும். அவருக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. நாப்பது சொல்றாரு. பேசினா கம்மி பண்ணுவாரு."

"இன்னைக்கே போலாமா அக்கா?"

"போலாம். ஆனா உள்ள போயி டீச்சர்னு சொல்லாதீங்க. எந்த ஸ்கூலு, எந்த தெருவுன்னு கேட்டு வச்சிக்கினு நாளைக்கி நேரா உங்ககிட்ட பேசிடுவாங்க. அப்பால என் கமிஷன் காத்துல போயிடும். நீங்க சேலத்து பார்ட்டி. புரியுதா?"

எங்கள் ஊர் புரோக்கர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். அட்வான்ஸ் கைமாறும் வரைக்கும் பார்ட்டியின் பேர், ஊர், தொழில் எதுவும் வெளியே வராது. எல்லோரும் வெளியூர் பார்ட்டிதான். இப்படியாக நான் ஒரு சனிக்கிழமை சேலத்துப் பார்ட்டியானேன். இவர் ஆலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். கரும்பு அரவை இல்லாத காலம், எடைமேடையில் அப்படி என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை.

வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. சிவப்பு சிமெண்டுத் தரை, கால் வைத்தால் ஜில்லென்று இருந்தது. நீளமான கூடம், இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. மொட்டை மாடிக்கு ஏறினால் மேற்கே மலை முழுதும் தெரிந்தது. தினமும் நான் ஏறி இறங்கும் மலை, தூரத்தில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிமலை பஸ் நிற்கும் இடம் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இனிமேல் இருட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்குள் ஓட வேண்டாம். 'ஐயோ' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

பாத்திரக்கடை பாய் என்னையே பார்த்தார். "ஏம்மா, அம்மாவுக்கு உடம்பு சரி இல்லியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பல்லு வலி பாய். சேலத்துலருந்து வர்றப்பவே வலி" என்றார் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல்.

வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முப்பத்தியேழு என்று கேட்கச் சொன்னேன். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா பூ கட்டும் கையை நிறுத்தாமல் சொன்னார்.

"டீச்சர், ஒரு எதிர் பார்ட்டி மொளச்சிருக்கான். நமக்கு முன்னாடியே வந்து முப்பத்தேழு கேட்டுட்டானாம். ஆட்டோ ஓட்றவன் ஒருத்தன் கொண்டாந்திருக்கான்."

"ஆடி மாசத்துலயா? எந்த ஊரு ஆளுக்கா அவன்? ஆடி கூட பாக்காம!"

"பண்ருட்டியாம்."

பண்ருட்டிக்காரன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நல்ல நாள் பார்க்கத் தெரியாத மனுஷன்! நான் அரை லட்சம் கூட்டினேன். அவன் முப்பத்தெட்டு என்றான். நான் முப்பத்தெட்டரை என்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். உதட்டைப் பிதுக்கினால் பண்ருட்டிக்காரன் ஏற்றிவிட்டான் என்று அர்த்தம். எனக்கு ரத்தம் சூடேறும். பொய் சொல்வானேன், அந்தச் சூட்டில் ஒரு ருசியும் இருந்தது. கரும்பலகையில் கூட்டல் கணக்கு போடும்போதுகூட முப்பத்தொன்பதே கால் என்று எழுதிவிட்டு அழித்திருக்கிறேன்.

வீட்டில் நாங்கள் இருவரும் வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. அவ்வளவு சமாதானம். சாப்பிடும்போது ஒருநாள் இவர் தானாகச் சொன்னார், "ஊர்ல சில பொம்பளைங்களுக்கு பணத்தோட அரும தெரியல. கேட்டவுடனே ஏத்திக்கினே போறாங்க." எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. என் தலைக்குள் பண்ருட்டி ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் ஆட்டோக்காரரும் பூக்கடை அக்காவும் சேர்ந்து டீ குடிப்பார்கள். பார்ட்டியின் பேரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். அப்படித்தான் ஒருநாள் அக்கா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

"அவன் ஏன் விட மாட்டேங்கறான்னு இன்னைக்கிதான் தெரிஞ்சிச்சு டீச்சர். அவன் பொண்டாட்டி விடியங்காட்டியும் மல பஸ்ஸ புடிக்க ஓடுறாளாம். இருட்டுல அவ ஓடறது அவனுக்கு மனசு கேக்கலயாம். வூட்டு வாசல்லருந்து பஸ் நிக்கற எடம் வரைக்கும் தப்படி போட்டு எண்ணி பாத்திருக்கான். அதுவும் எப்படி? ஆம்பள மாதிரி நடக்காம குட்டி குட்டியா கால் வச்சி நடந்தானாம். ஆட்டோகாரன் நடந்து காட்டுனான், சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிடுச்சி. அம்பத்திரெண்டு தப்படியாம்."

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டைப் பற்றி வந்த பொறாமை அல்ல. யாரோ ஒருத்திக்கு அப்படி ஒரு புருஷன் வாய்த்திருக்கிறானே என்று வந்தது. என் வீட்டுக்காரர் ஆறடி உயரம். நான் அவர் தோளுக்கும் எட்ட மாட்டேன். பத்தொன்பது வருடமாக அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் அரை ஓட்டமாகப் போகிறேன். நடுவில் ஒருமுறை நின்று, "ஒன் காலு ரொம்ப சின்ன காலு" என்பார். அதோடு சரி. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு ரசத்தை மட்டும் ஊற்றினேன். காரணம் அவருக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டேனா? மறுநாள் பஸ்ஸில் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கொடுத்து வைத்தவள் யார்? மலைமேல் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, எனக்குத் தினமும் வணக்கம் சொல்பவள், போன மாதம் எனக்கு முந்திரிப்பருப்பு கொடுத்திருந்தாள். முந்திரிப்பருப்பு என்றால் பண்ருட்டிதானே! அவளேதான். அவளுக்காக நான் வழக்கமாகப் பிடித்து வைக்கும் சீட்டில் என் பையை வைத்தேன். பாவம், வெள்ளிமலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். வளைவுகளில் அவள் சாயும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு பண்ருட்டிக்காரன் நாற்பத்தொன்று என்றான். பாய் சொன்ன விலையையே தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் சொன்ன விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், இங்கே அதற்கு மேலே ஒரு லட்சம். எனக்கு நாற்பதோடு வழி முடிந்துவிட்டது. கழுத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சங்கிலி கனமாகத்தான் இருந்தது. மகளுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொண்டேன். "நாப்பத்தொண்ணரைனு சொல்லிடுங்கக்கா" என்றேன்.

பாய் சொல்லி அனுப்பினார். "புரோக்கருங்க வாயால இனிமே வேணாம். ரெண்டு பார்ட்டியும் பெருக்கு அன்னைக்கி காலைல பத்து மணிக்கி என் வூட்டுக்கு வரட்டும். நேருக்கு நேரா பேசி முடிச்சிக்கலாம்."

அன்றைக்கு லீவு போட்டேன். ஆனால் வழக்கம்போல விடியும் முன்பே சாப்பாட்டுப் பையோடு கிளம்பினேன். பூக்கடை அக்காவின் வீட்டில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்தேன். பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே அட்வான்ஸ் பணம். அந்தப் பண்ருட்டிக்காரனை நேரில் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'ஏங்க, ஆடி மாசம்னு ஒண்ணு இருக்கறது உங்க ஊர்ல தெரியாதா?' இதுதான் முதல் கேள்வி.

பத்து மணிக்கு நானும் அக்காவும் பாய் வீட்டுப் படியேறினோம். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. எதிர்ப் பார்ட்டி முந்திக்கொண்டான் என்று அக்கா முணுமுணுத்தார். நான் அதில் ஒரு ஜோடியைப் பார்த்தேன். இடதுகால் செருப்பின் வார் அறுந்து, நீல நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. குறுக்குத் தையல், முடிச்சு உள்பக்கம். அந்தத் தையல் என்னுடையது. போன வாரம்தான் தைத்தேன்.

உள்ளே பார்த்தேன். கூடத்தில், நாற்காலியின் நுனியில், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆட்டோக்காரர். என்னைப் பார்த்ததும் தலைமை ஆசிரியரைப் பார்த்த பையனாக எழுந்து நின்றார்.

"நீ ஸ்கூலுக்கு போவல?"

"நீங்க மில்லுக்கு போவல?"

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பார்ட்டியும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?" என்றார்.

"என் சம்சாரம்" என்றார் இவர்.

பூக்கடை அக்கா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் கூரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது பாயின் மனைவிதான், சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "சேலத்துக்கும் பண்ருட்டிக்கும் எப்ப கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பாய் சிரித்தார், நான் சிரித்தேன், கடைசியாக இவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம். நான் வாயைத் திறந்தால் விலை ஏறும் என்று இவர் தனியாக வந்திருக்கிறார். இவர் எடை போட்டே கெடுப்பார் என்று நான் தனியாக வந்திருக்கிறேன். ஆடியில் போட்டி இருக்காது என்று எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்கிறது. நாற்பதுக்கு மேல் ஏற்றிய அந்த ஒரு லட்சத்துக்கு இவர் எதை நம்பியிருந்தார் என்று பிறகு கேட்டேன். என் கழுத்துச் சங்கிலியைத்தான்.

சிரித்து முடித்தோம். இப்போது விலை என்ன? எல்லோர் மனதிலும் அந்தக் கேள்விதான்.

பாய் மெதுவாகச் சொன்னார். "நா தங்கச்சிங்களுக்கு நாப்பத்தொண்ணரைனு நேத்தே சொல்லிட்டேன். அவங்க பங்கு. நா இன்னா பண்றது?"

"ஆவணி பொறந்துச்சுன்னா நாப்பத்தி மூணுக்கு கூட பார்ட்டி வரும் பாய்" என்றார் ஆட்டோக்காரர். இவர் அவரை முறைத்தார். அவர் இவர் கூட்டி வந்த புரோக்கர்.

இவர் கணக்கைத் தொடங்கினார். மொத்த இடம் எவ்வளவு, கட்டடம் எத்தனை வருடம், அரசாங்கத்தின் கைடுலைன் மதிப்பு எவ்வளவு என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். பாயின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. துருகம் சாலை வீடு போன மாதிரி இதுவும் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி வாயை அடக்கி என்ன ஆகப்போகிறது?

"பாய், எனக்கு பல்லு வலி இல்ல" என்றேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கி முந்தானைய கடிச்சிக்கினு நின்னது, புடிச்சிருக்குன்னு சொல்லிடுவேனோன்னு பயந்துதான். இந்த வூடு எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. தரை புடிச்சிருக்கு, கெணறு புடிச்சிருக்கு. மாடியிலருந்து மல தெரியறது புடிச்சிருக்கு. பத்தொம்போது வருஷமா அஞ்சு வூடு மாறிட்டோம். ஆவணியோட இப்ப இருக்கற வாடக வூட்டையும் காலி பண்ணணும். எங்ககிட்ட மொத்தமே நாப்பதுதான் இருக்கு. அதுக்கு மேலன்னா என் பொண்ணுக்கு வச்சிருக்கறத விக்கணும். நீங்க கேட்ட வெல நாப்பதுதான பாய்? அதுல ஒரு ரூபா கம்மி பண்ணுங்கன்னு கேக்க மாட்டேன்."

வீடு வாங்கப் போகிற யாரும் இப்படிப் பேசக்கூடாது. எவ்வளவு பிடித்திருக்கிறது, எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு அவசரம், மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பாயின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயிடம், "உளுந்தூர்பேட்டைக்கு போன போடுங்க" என்றார்.

மூத்த தங்கை உளுந்தூர்பேட்டையில் இருக்கிறாராம். பாய் போனை ஸ்பீக்கரில் போட்டு, சேலம், பண்ருட்டி கதையை முதலிலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. சிரிப்பு நின்றதும் அந்தக் குரல் சொன்னது:

"அண்ணே, நாப்பதுக்கு போனா போதும்னுதான நாம பேசினோம்? அதுக்கு மேல வந்தது நம்ம பணம் இல்லண்ணே. அது அவங்க வூட்டு சண்ட. அத வாங்கி நாம இன்னா பண்ண போறோம்? முடிச்சி குடுங்க. சின்னவகிட்ட நா சொல்லிக்கிறேன்."

நான் அந்தப் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து, டப்பாவை எடுத்துவிட்டு அட்வான்ஸ் பணத்தை, அக்கா கொண்டுவந்திருந்த வெற்றிலையில் வைத்தேன். இவரும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டு அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீடு வாங்கியது கள்ளக்குறிச்சியிலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். கமிஷன் யாருக்கு என்று வாசலில் ஆட்டோக்காரரும் பூக்கடை அக்காவும் தொண்டை கிழியச் சண்டை போட்டு, கடைசியில் பாதிப் பாதி என்று முடித்துக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனார்கள். மறுநாள் பஸ்ஸில் நர்ஸுக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்தேன். ஏன் என்று அவள் கேட்டாள். மனசு சரியில்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். அவள் ஊர் பண்ருட்டி இல்லையாம், திருக்கோவிலூர்.

ஆவணியில் பத்திரம் முடிந்து பால் காய்ச்சினோம். சிரிப்பிலும் அலைச்சலிலும் ஒரு விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். குடிவந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் காப்பித்தூள் வாங்க இவர் கிளம்பினார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நீளநீளமாகக் கால் போட்டு அவர் போவதைப் பார்த்ததும் பூக்கடை அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. சும்மா எண்ணினேன். முப்பத்தி நாலு தப்படியில் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டார். ஐம்பத்திரண்டு இல்லை. ஆட்டோக்காரர் கதை விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும் முன்பு, சாப்பாட்டுப் பையோடு வாசல் கேட்டைச் சாத்தினேன். முதல் முறையாக அவசரம் இல்லாமல் நடந்தேன். ஒன்று, இரண்டு என்று வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. ஐம்பதில் தெருவிளக்கு வந்தது. ஐம்பத்திரண்டில் பஸ் நிற்கும் இடத்தின் கம்பத்தில் என் கை பட்டது.

குட்டி குட்டியாகக் கால் வைத்து நடந்தார் என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறடி மனுஷர், தெருவில் ஆட்டோக்காரர் சிரிக்கச் சிரிக்க, என் கால் அளவுக்கு நடந்து எண்ணியிருக்கிறார். ஒரு தப்படிகூடப் பிசகவில்லை. அந்தப் பண்ருட்டிக்காரன் பெண்டாட்டியை நினைத்து நான் எத்தனை நாள் வயிறெரிந்தேன்! கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்குள் அவர் நின்றிருந்தார். நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேனா என்று பார்க்கத்தான்.

பஸ் வந்து நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

"இன்னா டீச்சர், பஸ் ஸ்டாண்டுக்கு வராம இங்க ஏறுறீங்க?" என்றார் கண்டக்டர்.

"எங்க வூடு இங்கதான்" என்றேன்.